கட்டடத்திற்கல்ல, மனிதருக்கே குளிர்ச்சி

(பங்காளர் கூடுகையில் மருத்துவமனை ஆயர் ஆற்றிய உரை)



புறநோயாளிகள் காத்திருக்கும் பெரிய மண்டபத்திற்கு ஏ.சி. வைத்துத் தருகிறோம் என்று உங்களில் அநேகர் மனமுவந்து முன்வந்திருக்கிறீர்கள். அந்த அன்புக்கு நன்றி சொல்லி, அதைக் குறித்துச் சில காரியங்களை உங்கள்முன் வைக்கிறோம்.

1840-களில் அமெரிக்காவின் ப்ளோரிடாவில் டாக்டர் ஜான் கோரி, காய்ச்சலில் கிடந்தவர்களின் அறையில் பனிக்கட்டிப் பாத்திரத்தை உயரே தொங்கவிட்டார். குளிர்ந்த காற்று கனமானது. அது நோயாளியின்மேல் இறங்கிற்று. பனிக்கட்டி செய்யும் இயந்திரத்திற்கு 1851-ல் காப்புரிமையும் பெற்றார். கட்டடத்தையல்ல, படுக்கையில் கிடந்தவரையே அவர் நினைத்தார்.

நமது மண்டபமோ மிக உயரமானது. ஜனங்கள் இருப்பது தரையிலிருந்து ஆறு அடிக்குள். முழு மண்டபத்தையும் குளிர்விக்கப் புறப்பட்டால், ஒருவரும் இல்லாத மேற்பகுதிக்கும் சேர்த்து மின்கட்டணம் கட்டுவோம். கதவுகளும் நாள் முழுவதும் திறந்து மூடுகின்றன.

டென்மார்க் பேராசிரியர் ஃபாங்கர் 1970-ல் எழுதிய நூலின்படி, நம் உடலின் சுகம் ஆறு காரியங்களைப் பொறுத்தது: காற்றின் வெப்பம், சுவரும் கூரையும் வீசும் வெப்பம், ஈரப்பதம், காற்றோட்டம், உடை, உழைப்பு. இவை எல்லாம் பொருந்தினாலும் நூற்றுக்கு ஐந்து பேருக்காவது குறை இருக்கும் என்றும் அவர் கண்டார். ஓடி உழைக்கும் நர்சு அம்மாவுக்கு வியர்க்கும் அதே இடத்தில், காய்ச்சலோடு பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பாட்டியம்மா நடுங்குவார்.

இன்னொன்று அதிலும் முக்கியம். சுவரில் மாட்டும் ஏ.சி. அறையின் காற்றையே திரும்பத் திரும்பச் சுழற்றுகிறது, வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. இருமலோடு வருகிறவர்கள் கூடியிருக்கும் மண்டபத்தை அடைத்துவைப்பது ஆபத்து. மருத்துவமனைகளில் இயற்கைக் காற்றோட்டத்தால் தொற்றைக் குறைப்பது பற்றி உலக சுகாதார நிறுவனம் 2009-ல் வழிகாட்டி நூலே வெளியிட்டது.

ஆகவே எங்கள் வேண்டுகோள் இதுதான். முதலாவது, வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு கூரைக்கு. இரண்டாவது, எதிரெதிரே திறக்கும் ஜன்னல்கள். மூன்றாவது, மின்விசிறிகள். ஒன்றரை டன் ஏ.சி. ஏறக்குறைய 1500 வாட் இழுக்கும். புதுவகை மின்விசிறிக்குச் சுமார் 30 வாட் போதும். ஆபரேஷன் தியேட்டர் போன்ற இடங்களுக்கு ஏ.சி. அவசியம், அதில் குறைவு செய்யமாட்டோம். மற்ற அடைப்பு அறைகளில் 24 டிகிரிக்குக் கீழே வைக்கமாட்டோம். ஒரு டிகிரி கூட்டி வைத்தாலே சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு.

கூரையின்மேல் அடிக்கும் பூச்சில் நன்கொடையாளர் பெயரைப் பொறிக்க முடியாது. ஆனாலும் அதன்கீழ் மூச்சுவாங்க உட்கார்ந்திருப்பவர் அதன் பலனை அனுபவிப்பார். மின்கட்டணத்தில் மிச்சமாவது ஏழைகளின் மருந்துக்குப் போகும். ஜெபத்தோடு இதை யோசித்துத் தாங்குங்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.