உழுது விதைப்போம்

(யூபிலி விழாவுக்குத் தயாரிப்பாக நடைபெற்ற முந்நாள் கூட்டத்தில், மறைக்கல்வி ஆசிரியர்கள் சார்பில் ஆற்றிய உரை)

 

யூபிலி நெருங்கிவிட்டது. கோயிலுக்கு வெள்ளையடித்தாயிற்று. தேருக்குப் புதுத் துணி தைத்தாயிற்று. வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கெல்லாம் சேதி போயிருக்கிறது. இவையெல்லாம் வேண்டியவையே. ஆனால் கோயில் புதுப்பொலிவு பெற்றால் போதுமா? அந்தக் கோயிலுக்குள் நாம் பெறுகின்ற திருவருட்சாதனங்களுக்கு நம் உள்ளமும் இல்லமும் தயாராக இருக்கின்றனவா? இதைப்பற்றி நாலு வார்த்தை பேசும்படி பங்குத்தந்தை எங்களைக் கேட்டுக்கொண்டார்கள். போதிக்க வந்தோம் என்று எண்ணாதீர்கள். உங்களோடு சேர்ந்து எங்களையும் சோதித்துப் பார்க்கவே வந்திருக்கிறோம்.

கீழ்பென்னாத்தூர் மண்ணில் பிறந்தவர்களுக்கு உழவைப்பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. மல்லாட்டை போடுகிறவன், விதை நல்ல விதை என்பதற்காக உழாத காட்டில் கொண்டுபோய்க் கொட்டுவானா? மழைக்கு முன்பே உழுது, கட்டி உடைத்து, எரு போட்டுக் காத்திருப்பான். திருவருட்சாதனமும் அப்படித்தான். அதன் அருள் கிறிஸ்துவின் அருள். குருவானவரின் தகுதியாலோ நம் தகுதியாலோ அது வருவதில்லை என்பது திருச்சபையின் போதனை. விதையில் குறையே இல்லை. ஆனால் அது நம்மில் முளைத்துப் பலன் தருமா என்பது நிலத்தைப் பொறுத்தது. நிலத்தை உழுவதுதான் தயாரிப்பு.

இதை நம் தமிழகத் திருச்சபை மிகுந்த அனுபவப்பட்டே கற்றுக்கொண்டது. 1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் முத்துக்குளித்துறையில் ஏறத்தாழ 20,000 மீனவ மக்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். ஆனால் அவர்களுக்கு மறையைச் சொல்லித்தர ஆளில்லை. 1542ல் புனித சவேரியார் அங்கு வந்து, நீங்கள் யார் என்று கேட்டபோது, நாங்கள் கிறிஸ்தவர்கள் என்று மட்டும் சொல்லத் தெரிந்தது. எதை விசுவசிக்கிறோம் என்று சொல்லத் தெரியவில்லை. இதைப் புனிதரே தம் கடிதத்தில் வருத்தத்தோடு எழுதியிருக்கிறார். பிறகு அவர் என்ன செய்தார்? தமிழ் தெரிந்தவர்களின் உதவியோடு செபங்களைத் தமிழாக்கி, தாமும் மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருத்தெருவாக நடந்து மக்களைக் கூட்டினார். பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்து, நீங்கள் வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவுக்கும் அண்டை வீட்டாருக்கும் சொல்லிக்கொடுங்கள் என்று அனுப்பினார்.

அவர் பின்னால் வந்த அண்ட்ரிக் அடிகளார் 1578ல் கொல்லத்தில் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’தான் இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல். அது ஒரு மறைக்கல்வி நூல்! இரண்டே ஆண்டில், 1580ல், நல்ல பாவசங்கீர்த்தனம் செய்யத் துணைபுரியும் ‘கொம்பெசியொனாயரு’ என்னும் நூலையும் அச்சேற்றினார். தமிழ் முதன்முதல் அச்சு ஏறிய அந்த நாட்களிலேயே, திருவருட்சாதனத்துக்கு மக்களைத் தயாரிக்க வேண்டும் என்ற கவலையும் உடன் ஏறியது என்பதை நாம் பெருமையோடு நினைக்க வேண்டாமா?

நம் வட ஆற்காட்டுப் பகுதியிலும் கதை இதுவே. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும்பஞ்சத்தை ஒட்டி ஏராளமான மக்கள் திருமறையைத் தழுவினார்கள். சேத்துப்பட்டில் உழைத்த தார்ராஸ் சுவாமியாரை இந்தப் பகுதி இன்றும் நன்றியோடு நினைக்கிறது. ஆனால் ஒரு குருவானவர் எத்தனை ஊருக்குத்தான் போகமுடியும்? மந்தையைக் காத்தவர்கள் உபதேசியார்கள். சின்னக் குறிப்பிடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பகலெல்லாம் கூலி வேலை செய்து களைத்து வந்தவர்களை மாலையில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தவர்கள் அவர்களே. எழுத்தறியாத நம் பாட்டிமார்கள் செபங்களை ஒரு சொல் பிசகாமல் சொன்னார்களே, அது அவர்களின் உழைப்பல்லவா?

முன்னோர்கள் நள்ளிரவு முதல் ஒன்றும் உண்ணாமல், விடிவதற்கு முன்பே எழுந்து, கிளைக்கிராமங்களிலிருந்து நடந்து வந்து நன்மை வாங்கினார்கள். திருச்சபை தாயுள்ளத்தோடு அந்த ஒறுத்தலைத் தளர்த்தியது. 1957ல் மூன்று மணி நேரம் என்றார்கள். 1964ல் ஒரு மணி நேரம் போதும் என்றார்கள். வயிற்றுக்குக் கொடுத்த சலுகையை நாம் மனதுக்கும் எடுத்துக்கொண்டோமோ? பக்கத்துத் திருவண்ணாமலையில் பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் வெறுங்காலோடு மலையைச் சுற்றும் நம் இந்து சகோதரர்களைப் பார்க்கிறோம். அவர்கள் பக்தியைக் கண்டு வியக்கிற நாம், பத்து நிமிடம் முன்னதாகக் கோயிலுக்கு வந்து முழந்தாளிட யோசிக்கிறோமே!

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் ஞானஸ்நானம். குழந்தை பிறந்த சில வாரங்களுக்குள் திருமுழுக்குக் கொடுக்கப் பெற்றோர் முயலவேண்டும் என்பது 1983ல் வெளியான திருச்சபைச் சட்டம். நாமோ மாமன் வரட்டும், சீர் சேரட்டும், விருந்துக்குப் பணம் புரளட்டும் என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறோம். ஞானத்தாய் தகப்பனைத் தேர்ந்தெடுக்கும்போது, நகை போடுவாரா என்று பார்க்கிறோம். செபம் சொல்லித்தருவாரா என்று பார்ப்பதில்லை. 16 வயது நிறைந்தவராக, உறுதிப்பூசுதலும் நற்கருணையும் பெற்றவராக, விசுவாச வாழ்வு நடத்துபவராக இருக்கவேண்டும் என்றே திருச்சபை கேட்கிறது. இன்னொன்றையும் எல்லாரும் தெரிந்துகொள்ளுங்கள். குழந்தையின் உயிருக்கு ஆபத்து என்றால் குருவானவருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. திருச்சபை எண்ணுகின்ற எண்ணத்தோடு, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரைச் சொல்லித் தலையில் தண்ணீர் ஊற்றி யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். பிறகு பங்குத்தந்தையிடம் சொல்லிப் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

அடுத்து புதுநன்மையும் பாவசங்கீர்த்தனமும். 1910க்கு முன் பல நாடுகளில் பிள்ளைகள் 12, 14 வயது வரை காத்திருக்க வேண்டியிருந்தது. புனித பத்தாம் பத்திநாதர் அந்த ஆண்டில், ஏறத்தாழ ஏழு வயதில் புத்தி விவரம் வந்ததுமே பிள்ளைகளை இயேசுவிடம் வரவிடுங்கள் என்று ஆணையிட்டார். சாதாரண அப்பத்துக்கும் நற்கருணைக்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளை தன் அளவில் அறிந்தால் போதும் என்றார். ஆனால் அந்த அறிவைப் பிள்ளைக்கு ஊட்டும் முதல் கடமை பெற்றோருடையது. மறைக்கல்வி ஆசிரியர்களாகிய நாங்கள் வாரத்தில் ஒரு மணி நேரந்தான் பிள்ளைகளோடு இருக்கிறோம். மற்ற நேரமெல்லாம் அவர்கள் உங்களோடு இருக்கிறார்கள். ஒரு பிள்ளை எங்களிடம் கேட்டது: “பாவசங்கீர்த்தனம் நல்லதுன்னா எங்க அப்பா ஏன் போறதில்ல?” எங்களுக்குப் பதில் வரவில்லை. தகப்பன்மார்களே, பதிலை நீங்கள்தான் சொல்லவேண்டும்.

உறுதிப்பூசுதல் கொடுக்க ஆயர் அவர்கள் வருகிறார்கள் என்றால் ஊரே திரண்டு மாலை போடுகிறது. மகிழ்ச்சி! ஆனால் பூசுதல் பெற்ற மறுவாரமே மறைக்கல்வி வகுப்பு காலியாகிவிடுகிறதே! பட்டம் வாங்கிப் பள்ளியை விட்டுப் போவதா உறுதிப்பூசுதல்? அது வேலையில் சேரும் நாள் அல்லவா?

மெய்விவாகத்துக்கு வருவோம். பெங்களூரிலும் சென்னையிலும் திருப்பூரிலும் வேலை செய்யும் நம் பிள்ளைகள், மண்டபம் பேசி, பத்திரிகை அடித்து, சமையல்காரருக்கு முன்பணமும் கொடுத்துவிட்டு, கடைசியாகக் கோயிலுக்கு வந்து, “சாமி, ஓலை போடணும்” என்கிறார்கள். ஞானஸ்நான சீட்டு எங்கே என்றால் விழிக்கிறார்கள். பழைய சீட்டு ஏன் செல்லாது என்று கோபிக்கிறார்கள். பெற்ற உறுதிப்பூசுதலும், செய்த திருமணமும் ஞானஸ்நானப் பதிவேட்டிலேயே குறிக்கப்படுவதால்தான் புதுச் சீட்டு கேட்கிறார்கள். ஓலை வாசிப்பதும் சடங்குக்காக அல்ல. தடை உண்டா என்று ஊரறியக் கேட்டு, ஒரு பெண்ணின் வாழ்வையும் ஒரு பையனின் வாழ்வையும் காக்கும் வேலி அது. திருமணத் தயாரிப்பு வகுப்புக்கு மூன்று நாள் விடுப்பு எடுக்க முடியாதவர்கள், முப்பது ஆண்டு ஒருவரையொருவர் பொறுத்துக்கொள்வது எப்படி? வரதட்சணை பேசி முடித்த பிறகு அன்பைப்பற்றிப் பீடத்தின் முன் வாக்குக் கொடுப்பது தகுமா?

தடியத் தேவரை நினைத்துப் பாருங்கள். புனித அருளானந்தர் அவருக்கு உடனே திருமுழுக்குக் கொடுத்துவிடவில்லை. ஒரே மனைவியோடு வாழச் சம்மதமா என்று கேட்டார். அவர் சம்மதித்து மற்ற மனைவியரை விலக்கிய பிறகே, 1693 ஜனவரியில் ஞானஸ்நானம் பெற்றார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் சேதுபதி மன்னருக்கு உறவினர். அதன் விளைவாக, பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் அருளானந்தரின் தலை வெட்டப்பட்டது. தயாரிப்பு இல்லாமலே தண்ணீர் ஊற்றியிருந்தால் அவர் உயிர் தப்பியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. நம் மண்ணில் இந்தத் தயாரிப்புக்கு இரத்தமே விலையாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது.

கடைசியாக, நோயில்பூசுதல். இதைச் சொல்ல எங்களுக்கு நா கூசுகிறது. ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

நம் கிளைக்கிராமம் ஒன்றில் ஒரு பாட்டி இருந்தார்கள். எங்களில் பலருக்கு வேப்பமரத்தடியில் செபம் சொல்லிக்கொடுத்தவர்கள். அவர்கள் படுக்கையில் விழுந்தபோது நாங்கள் போய்ப் பார்த்தோம். சுவாமியாரை அழைக்கலாமா என்று பேச்சு வந்தது. “சாமியார் வந்தா ஆயா பயந்துடும், முடிஞ்சுபோச்சுன்னு நெனச்சுக்கும். ரெண்டு நாள் பார்க்கலாம்” என்றார்கள் வீட்டார். நாங்களும் தலையாட்டினோம். மறைக்கல்வி கற்பிக்கிற நாங்கள், அந்த வீட்டில் ஒரு வார்த்தை எடுத்துச் சொல்லவில்லை. மறுநாள் விடியற்காலையில் பாட்டியின் உயிர் பிரிந்தது. அடக்கம் முடிந்த பிறகு மகள் எங்களிடம் சொன்னார்கள்: “ராத்திரி ரெண்டு தரம், சாமியார் வந்துட்டாரான்னு கேட்டுச்சு.” பயந்தது பாட்டி அல்ல, நாங்கள்தான்.

இறைவன் இரக்கமுள்ளவர், தம்மைத் தேடிய அந்த ஆன்மாவை அவர் கைவிட்டிருக்க மாட்டார் என்று நம்புகிறோம். ஆனால் அந்தக் கேள்வி எங்களை விட்டுப் போகவில்லை.

முன்பு இதை அவஸ்தைப்பூசுதல் என்றார்கள். அந்தப் பெயரே பலரைப் பயமுறுத்தியது. இது மரிக்கும் தருவாயில் இருப்பவர்களுக்கு மட்டும் உரியதல்ல என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவாகச் சொன்னது. 1972ல் ஆறாம் பவுல் பாப்பரசர் புதிய சடங்குமுறையைத் தந்தார். கடும் நோயில் விழுந்தவர், ஆபத்தான நோய்க்காக அறுவை சிகிச்சைக்குப் போகிறவர், முதுமையால் தளர்ந்தவர், எல்லாரும் இதைப் பெறலாம். குணமாகி மீண்டும் நோய் கண்டால், அல்லது அதே நோய் முற்றினால், மறுபடியும் பெறலாம். நினைவு தெளிவாக இருக்கும்போதே அழைத்தால், நோயாளி பாவசங்கீர்த்தனம் செய்து, நற்கருணையும் வாங்கி, தம் வாயால் ‘ஆமென்’ சொல்ல முடியும். திருவண்ணாமலை ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடிக்கும்போதே சுவாமியாருக்கும் ஒரு போன் செய்தால் என்ன?

அன்பார்ந்தவர்களே, இந்த யூபிலியில் பெரிய வாக்குறுதிகள் வேண்டாம். நாலே காரியங்களுக்கு இசைவோம். ஒன்று: பிள்ளை பிறந்த வீட்டில், விருந்துக்கு நாள் பார்ப்பதற்கு முன் ஞானஸ்நானத்துக்கு நாள் பார்ப்போம். இரண்டு: புதுநன்மைக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர், அந்த வாரம் தாங்களும் பாவசங்கீர்த்தனம் செய்வோம். மூன்று: மண்டபம் பேசுவதற்கு முன் பங்குத்தந்தையிடம் பேசுவோம். நான்கு: ஒவ்வொரு தெருவிலும், ஒவ்வொரு கிளைக்கிராமத்திலும் இரண்டு பேர் பொறுப்பேற்று, படுக்கையில் விழுந்தவர்களின் சேதியை அன்றன்றே பங்குத்தந்தைக்குத் தெரிவிப்போம். நாலாவது காரியத்துக்கு முதல் பெயர்களாக எங்கள் பெயர்களை எழுதிக் கொடுத்துவிட்டோம். பாட்டிக்கு நாங்கள் செலுத்தவேண்டிய கடன் அது.

தேர் இழுக்க நூறு கைகள் வரும் என்று தெரியும். இந்த நாலு காரியத்துக்கும் அந்தக் கைகள் வரட்டும். ஆடிப்பட்டம் தேடி விதைக்கத் தெரிந்த நமக்கு, ஆன்மாவின் பட்டத்தைத் தவறவிடாத அருளை, நம் பங்கைக் காத்துவரும் தேவன் தருவாராக!

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!