குடலுக்குள் ஒரு காவற்படை



புணே நகரின் கோர்படிப் பகுதியில் இராணுவக் குடியிருப்புகளும் இரயில் நிலையமும் அருகருகே உள்ளன. வேலையின் பொருட்டு வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களையும் அங்கே காணலாம். தாயகத்தைவிட்டு வந்த நாம் தாய்மொழியை விடவில்லை. சோற்றையும் சாம்பாரையும் விடவில்லை. ஆனால், நம் பாட்டன்மார் உண்ட சோளமும் கம்பும் கேழ்வரகும் எங்கே? தீட்டிய அரிசிச் சோறு தட்டை நிறைக்க, காயும் பயறும் ஓரத்தில் ஒதுங்கிவிட்டன. இம்மாற்றத்தில் நாம் இழந்தது நார்ச்சத்து. அதனால் வரும் கேடு மலச்சிக்கல் ஒன்றே என்று கருதிவிடலாகாது. நோயை எதிர்க்கும் ஆற்றலோடும் அதற்குத் தொடர்பு உண்டு.

அது எவ்வாறு? நார்ச்சத்தை நம் சிறுகுடல் செரிப்பதில்லை. அது பெருங்குடலை அடைகிறது. அங்கே வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்களுக்கு அதுவே ஆகாரம். அவற்றுள் நன்மை செய்பவற்றை வளர்க்கும் மாவுப்பொருள்களைப் 'பிரிபயாட்டிக்' என்பர். வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள இனுலின் அவ்வகையைச் சேர்ந்தது. நுண்ணுயிர்கள் இவற்றைப் புளிக்கச் செய்யும்போது சில அமிலங்கள் உண்டாகின்றன. அவற்றுள் ஒன்றான பியூட்டிரிக் அமிலம் பெருங்குடற்சுவரின் அணுக்களுக்கு உணவாகிறது. நம்மைக் காக்கும் அணுக்கள் வரம்பு மீறி நம் உடலையே தாக்காதவாறு அடக்கும் வேறு சில அணுக்களும் உள்ளன. அவை பெருக இவ்வமிலங்கள் துணைசெய்வதை 2013-ஆம் ஆண்டில் எலிகளைக் கொண்டு நடந்த ஆய்வுகள் காட்டின.

நாரே கிடைக்காவிடில் என்ன நேரும்? 2016-ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு இதற்கு விடை கூறுகிறது. நாரற்ற உணவு பெற்ற எலிகளில், பசித்த நுண்ணுயிர்கள் குடற்சுவரைப் போர்த்திக் காக்கும் சளிப்படலத்தையே தின்னத் தொடங்கின. அரண் மெலிந்தது, நோய்க்கிருமி எளிதில் உட்புகுந்தது. காவலனைப் பட்டினி போட்டால் அவன் கோட்டை மதிலையே பெயர்த்து விற்பான் அன்றோ!

எலிகளின் கதை மனிதருக்குப் பொருந்துமா என்று வினவலாம். ஒடிசா மாநிலக் கிராமங்களில் 4,556 பச்சிளங்குழந்தைகளிடம் நடந்த சோதனையின் முடிவு 2017-ஆம் ஆண்டில் வெளிவந்தது. நன்மை தரும் நுண்ணுயிர் ஒன்றையும், அதற்கு உணவாகும் பிரிபயாட்டிக் சர்க்கரையையும் சேர்த்து 7 நாட்கள் அளித்தனர். அதைப் பெறாத குழந்தைகளில் 100-க்கு 9 பேர் கடும் தொற்றுக்கோ மரணத்துக்கோ ஆளாயினர். பெற்றவர்களில் அவ்விகிதம் 5.4 ஆகக் குறைந்தது. இரண்டும் கூட்டாகச் செய்த வேலை இது. தாய்ப்பாலிலும் குழந்தையால் செரிக்க இயலாத சர்க்கரைகள் உண்டு. இயற்கை அவற்றை நுண்ணுயிர்களுக்கென்றே வைத்திருக்கிறது.

புணேயிலுள்ள தேசிய உயிரணு அறிவியல் மையத்தாரும் இந்தியரின் குடல் நுண்ணுயிர்களை ஆராய்ந்துள்ளனர். பிரெவோடெல்லா என்னும் இனம் நம்மவரிடம் மிகுந்திருப்பதை 2016-ஆம் ஆண்டில் எடுத்துக் காட்டினர். தானியமும் காய்கறியும் மிகுதியாக உண்போரிடம் பொதுவாகக் காணப்படும் இனம் அது. நம் முன்னோரின் உணவு எத்தகையது என்பதை நம் குடல் இன்னும் மறக்கவில்லை போலும்!

ஆகவே, நாம் செய்ய வேண்டியது யாது? மராட்டியர் 'ஜ்வாரி' என்பது நம் சோளமே. 'பாஜ்ரி' என்பது நம் கம்பே. பக்கத்து வீட்டில் தட்டும் பாக்கரி நமக்கு அந்நியமன்று. நாம் மறந்த உறவு அது. முளைகட்டிய மட்கிப் பயற்றில் செய்யும் உசளும் நம் சுண்டலும் ஒரு குலத்தவையே. வாரத்தில் சில நாட்களேனும் சோற்றுக்குப் பதிலாகப் பாக்கரியும், நாள்தோறும் பயறு, கீரை, பழம் ஆகியவையும் இடம்பெறட்டும். நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்பது நம் நாட்டு உணவியலார் கூறும் அளவு.

ஓர் எச்சரிக்கை. திடீரென நாரைப் பெருக்கினால் வயிறு உப்பும். சிறிது சிறிதாகக் கூட்டி, நீரும் போதிய அளவு பருக வேண்டும். குடல்நோய் உள்ளோர் மருத்துவரைக் கேட்டே மாற்றம் செய்க. நார்ச்சத்து தடுப்பூசிக்கோ மருந்துக்கோ ஈடாகாது.

வந்த இடத்தின் தானியத்தை உண்பதால் நம் தமிழ் குறைந்துவிடாது. நம் பிள்ளைகளின் உடல்நலம் உறுதிபெறும்.