ஒரு டம்ளர் உப்புத் தண்ணீரும் நம் போர்வெல்லும்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் ஐந்து நிமிடம்தான் கொடுத்திருக்கிறார்.

இங்கே ராமேஸ்வரத்தில் கலாம் ஐயா ஐந்தாம் வகுப்பு படித்தபோது, சிவசுப்பிரமணிய ஐயர் என்ற ஆசிரியர் பறவை எப்படிப் பறக்கிறது என்று கரும்பலகையில் வரைந்து விளக்கினார். பிள்ளைகளுக்குப் புரியவில்லை. சாயங்காலம் வகுப்பையே கடற்கரைக்குக் கூட்டிப்போய்ப் பறவைகளைக் காட்டினார். இந்தக் கதையை நாம் சொல்லாத மேடை இல்லை. ஆனால் அறிவியல் கண்காட்சி வந்தால் கடையில் தெர்மாகோல் எரிமலை வாங்கிக் கொடுக்கிறோம். என் பேத்திக்கு நானும் வாங்கிக் கொடுத்தவன்தான்.

நம் கடற்கரைப் பாடம் காலுக்கடியிலேயே இருக்கிறது. போர் தண்ணீர் கரிக்கிறது, இன்னும் ஆழமாகப் போடலாம் என்று போன கூட்டத்தில் பேசினோம். மேசையில் பிள்ளைகள் வைத்திருக்கும் டம்ளரைப் பாருங்கள். அடியில் நீலம் கலந்த உப்புத் தண்ணீர். மேலே கரண்டி வழியாக மெதுவாக ஊற்றிய நல்ல தண்ணீர். ஸ்ட்ராவை மேலாக வைத்து உறிஞ்சினால் நல்ல தண்ணீர் வருகிறது. ஆழமாக இறக்கினால் நீலம்தான்.

கடல்நீர் நல்ல தண்ணீரைவிடச் சுமார் 2.5 சதவீதம் கனம். அதனால் இந்தத் தீவின் மணலுக்குள் மழைத் தண்ணீர் உப்புத் தண்ணீர் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 அடிக்கு இருக்கும் என்பது கணக்கு. மேலே அரை அடி குறைந்தால், கீழேயிருந்து உப்பு மெல்ல மெல்ல 20 அடி ஏறிவிடும். தனுஷ்கோடியில் மணலில் சின்னக் குழி தோண்டி, ஊறுகிற தண்ணீரை மொண்டு குடத்தில் ஊற்றுகிறார்களே, அவர்களுக்கு இந்தக் கணக்கு கைப்பழக்கம்.

மாடியில் 1000 சதுர அடிக்கு 1 செ.மீ. மழை பெய்தாலே சுமார் 930 லிட்டர். நம் மழைநீர்க் குழியோ மண்மூடிக் கிடக்கிறது. அதைத் தூர்வாரும் செலவு, புது போர் செலவில் ஒரு மூலைக்கு வராது.

அதனால் ஒரு வேண்டுகோள். இந்த மழைக்காலம் முடியும்வரை போர் முடிவைத் தள்ளிவைப்போம். குழியைத் தூர்வாருவோம். ஞாயிறுதோறும் காலை 7 மணிக்குப் பிள்ளைகள் டிடிஎஸ் மீட்டரால் போர் தண்ணீரின் உப்பை அளந்து, லிப்ட் பக்கத்துப் பலகையில் எழுதட்டும். மீட்டர் நான் தருகிறேன். வர விரும்பும் பிள்ளைகளின் பெயரை வாட்ச்மேன் அண்ணனிடம் கொடுத்துவிடுங்கள். எரிமலை செய்தவர்களும் வரலாம்.