சூதிகா சுரம்
(மரக்காணத்து மாதர் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



மகப்பேறு ஸ்திரீகளுக்கு மறுபிறப்பென்பர் நம் முன்னோர். அதில் தவறியவர் பலர் பிரசவ வேதனையால் மாண்டவரல்லர். குழந்தை சுகமாய்ப் பிறந்தபின், மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ குளிர்காய்ச்சல் கண்டு மாண்டவர்கள். இதனையே சூதிகா சுரம் என்பது. கண்ணேறென்றும் பால் கட்டிய காய்ச்சலென்றும் சொல்லப்பட்டுவந்த இந்நோய் தொட்ட கையினாலும் வருவது.

வியன்னா நகரத்துப் பிரசவ ஆஸ்பத்திரியில் இரு பிரிவுகள் இருந்தன. 1846-ஆம் ஆண்டில், மருத்துவச்சிகள் பயின்ற பிரிவில் நூற்றுக்கு 3 பேருக்கும் குறைவாகவே மரித்தனர். வைத்தியரும் மாணவரும் பணிசெய்த பிரிவிலோ 11 பேருக்கு மேல். கற்றவர் கையில் சாவு மிகுந்தது விந்தையன்றோ! அங்கிருந்த ஸெம்மல்வைஸ் என்னும் வைத்தியரின் நண்பரொருவர், 1847-இல் பிரேத பரிசோதனையின்போது கத்தி கீறிய காயத்தால், அதே குறிகளோடு இறந்தார். பிணமறுத்த கையோடு பிரசவம் பார்ப்பதே காரணமென அவர் தெளிந்து, குளோரின் ஏற்றிய சுண்ணாம்புக் கரைசலில் கைகழுவ விதித்தார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆயிருந்த மரணம் ஜூனில் 2 ஆயிற்று. ஆயினும் பெரிய வைத்தியர் பலர் ஏற்றிலர். தம் கை அசுத்தமென ஒப்ப எந்தப் பண்டிதருக்கு மனம் வரும்?

அக்குளோரின், நாம் பாத்தியில் வாரும் உப்பிலிருந்தே எடுக்கப்படுவது என்பதை இவ்வூரார் அறிதல் நலம்.

விக்டோரியா ராணியார் காலத்து இங்கிலாந்தில் 1,000 பிரசவத்துக்கு ஏறக்குறைய 5 தாய்மார் மாண்டனர். 1936 முதல் சல்பா மருந்து வழங்கிய பின்னரே அம்மரணம் விரைந்து குறைந்தது. சென்னையில் எழும்பூர்ப் பிரசவ ஆஸ்பத்திரி 1844-இல் தோன்றியது. ஆண் வைத்தியரிடஞ் செல்லாத ஸ்திரீகளுக்கென 1885-இல் கோஷா ஆஸ்பத்திரி ஏற்பட்டது.

இன்று நம் பெண்கள் ஆஸ்பத்திரியிலேயே பெறுகின்றனர். ஆகவே பயமில்லையென்று எண்ணற்க. சில நாளில் வீடு திரும்பிவிடுகிறார்கள். காய்ச்சலோ வீட்டில்தான் காண்கிறது. உப்பளத்தில் உழைத்துக் கைவெடித்துப் புண்பட்ட மாமியோ பாட்டியோ, கழுவாத கையோடு பிள்ளை பெற்றவளைத் துடைத்துவிடுவது இன்றும் உண்டு. புண்ணுள்ள கை அவளைத் தொடலாகாது. மற்றவர் சோப்பிட்டுக் கழுவியே தொடுக.

காய்ச்சல், அடிவயிற்று வலி, துர்நாற்றமுள்ள போக்கு, இவற்றில் ஒன்று கண்டாலும் பால் காய்ச்சலென்று கஷாயம் வைத்துக் காத்திராதீர். இரத்தத்தில் நஞ்சு ஏறினால் ஒரு பொழுதுக்குள் காரியம் மிஞ்சிவிடும். அன்றைக் கூலி போனாற் போகட்டும். இரவானாலும் 108 வண்டியை அழையுங்கள். பிரசவமான நாளை மறவாமல் வைத்தியரிடஞ் சொல்லுங்கள்.