கணநேரத் துடிப்பும் அதன் பிறப்பிடமும்

மாரிகாலத்து மாலைகளில் ஸ்கந்தபுரத்திலே மத்திய அலை வானொலி கேட்போர், பாட்டினிடையே எழும் 'கறகற' ஓசையை அறிவர். எங்கோ மின்னல் எழுந்ததென அவ்வோசை சொல்லும். எங்கே எழுந்ததெனச் சொல்லாது. ஸ்கந்தபுரம், மன்னார், முல்லைத்தீவு ஆகிய மூவிடத்தும் அது வந்த கணத்தை நுட்பமாகக் குறித்து ஒப்பிடின், மின்னலின் இடத்தைக் கணித்துவிடலாம்.

வானவியலாரின் இடர்ப்பாடும் இத்தகையதே. அவுஸ்திரேலியாவின் பார்க்ஸ் வானொலித் தொலைகாட்டி 2001ஆம் ஆண்டில் பதிந்து வைத்தவற்றுள், ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஐந்து பங்குக்கும் குறைந்த நேரமே நின்ற துடிப்பொன்று இருந்தது 2007இல் அறிவிக்கப்பட்டது. அது நமது பால்வீதிக்கு அப்பாலிருந்து வந்ததென்பது புலனாயிற்று. எந்த விண்மீன் மண்டலத்திலிருந்து என்பது புலனாகவில்லை. பிறந்த இடம் தெரியாதாயின், பிறப்பித்தது யாதெனத் துணிவது எங்ஙனம்?

வானொலி அலை ஒளியலையினும் மிக நீண்டது. ஆதலால் தனியொரு கருவிக்கு வானம் மங்கலாகவே தோன்றும். 1970இல் கோவிந்த் சுவரூப் தலைமையில் உதகமண்டலத்து மலைச்சரிவிலே 530 மீற்றர் நீளமான தொலைகாட்டி அமைந்தபோது, இக்குறையைத் தீர்க்கச் சந்திரனே துணையாயிற்று. சந்திரனின் விளிம்பு ஒரு வானொலி மூலத்தை மறைக்கும் பாங்கினைக் கொண்டு, அம்மூலத்தின் இடமும் பருமனும் அளக்கப்பட்டன. ஆனால், தோன்றிய கணமே மறையும் துடிப்புக்காகச் சந்திரன் அங்கே வந்து நிற்பதில்லையன்றோ!

எனவே, பல கருவிகளைத் தூரத்தூர நிறுத்தி ஒன்றாக இயக்கும் முறையே ஏற்றது. சுவரூப் பின்னர் புனே நகருக்கு வடக்கே அமைத்த வரிசையில், 45 மீற்றர் விட்டமுள்ள 30 தட்டுகள் 25 கிலோமீற்றர் வரை பரந்துள்ளன. நாடு கடந்த கருவிகளை அணுக்கடிகாரத்தின் துணைகொண்டு இவ்வாறே இணைத்தால், கூர்மை பன்மடங்கு பெருகும்.

அவ்வாறு இணைந்த ஐரோப்பியத் தொலைகாட்டிகள் மீண்டும் மீண்டும் எழுந்த ஒரு துடிப்பினைத் தொடர்ந்து நோக்கின. முடிபு 2022இல் வெளியாயிற்று. ஏறத்தாழ 1 கோடியே 20 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவிலுள்ள எம்81 என்னும் விண்மீன் மண்டலத்தில், முதிய விண்மீன்கள் செறிந்த உருண்டைக் கொத்தொன்றே அதன் பிறப்பிடம். இளமையில் வெடித்த பெருவிண்மீனின் எச்சமான மிகுகாந்த நியூத்திரன் விண்மீனே இத்துடிப்புகளுக்குக் காரணமெனப் பலர் கருதியிருந்தனர். முதியோர் மட்டுமே வாழும் அவ்வூரில் அத்தகைய இளம்பொருள் வந்தது எவ்வாறு? பழைய விண்மீன்கள் இரண்டு இணைந்து அதனை உண்டாக்கியிருக்கலாம் என்பது இன்று ஆராயப்படும் விடைகளுள் ஒன்று.

துடிப்பைக் கேட்டதனால் மட்டும் இவ்வினா பிறக்கவில்லை. அதன் இடத்தை அறிந்ததனாலேயே பிறந்தது.