சோம்பல் எது, உழைப்பு எது?

சோம்பலைப் பழிக்காத நீதிநூல் இல்லை. திருவள்ளுவர் மடியின்மைக்கென ஓர் அதிகாரம் வகுத்து, அதனை அடுத்து ஆள்வினையுடைமையை வைத்தார். கிறிஸ்துவ மறையும் சோம்பேறியை எறும்பினிடம் அனுப்பிப் பாடம் கேட்கச் சொல்கிறது. ஆயினும், எவனைச் சோம்பேறி என்பது என்னும் வினாவில் அம்மறை காட்டும் நுட்பம் எண்ணத்தக்கது. பிழைப்பு நாடிப் பிற மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இது வெறும் ஏட்டு வினா அன்று.

திருவனந்தபுரத்துக் கிழக்கேகோட்டையை எடுத்துக் கொள்வோம். பத்மநாபசுவாமி கோயிலைச் சூழ்ந்த கோட்டையின் கீழைவாயில் அது. அதற்கு எதிரே, பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ராஜா கேசவதாசர் அமைத்த சாலைக் கடைத்தெரு தொடங்குகிறது. கடை நடத்துவோர், சுமை தூக்குவோர், நாகர்கோவில் பஸ்ஸில் வந்து இறங்குவோர் எனத் தமிழ் பேசுவோர் அங்குப் பலர். அத்தகைய தெருவில் ஓரமாக நிற்கும் ஒருவரைக் கண்டால், 'சும்மா நிற்கிறான்' என்று எளிதில் கூறிவிடுகிறோம். அச்சொல் நியாயந்தானா?

மத்தேயு சுவிசேஷத்தில் இயேசு கூறிய கதை ஒன்று உண்டு. திராட்சத் தோட்டத்துக்காரர் ஒருவர் விடியற்காலையில் கடைத்தெரு சென்று கூலியாட்களை அமர்த்துகிறார். பொழுது சாயும் வேளையிலும் அங்குச் சிலர் நிற்கக் கண்டு காரணம் கேட்கிறார். தம்மை அழைப்பார் இல்லை என்கின்றனர் அவர்கள். அவர் கடிந்து கொள்ளவில்லை; தோட்டத்திற்கு அனுப்புகிறார்; மாலையில் முழுநாட் கூலியையே தருகிறார். வேலை கிடைக்காமல் நின்றவனுக்கும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமன்றோ?

அதே சுவிசேஷத்தில், எசமானன் தந்த தாலந்தை மண்ணில் புதைத்து வைத்த ஊழியனோ கடுமையாகக் கண்டிக்கப்படுகிறான். வாய்ப்புக் கிட்டாதவன் வேறு. கிட்டிய வாய்ப்பைப் புதைத்தவன் வேறு. சோம்பல் என்பது பின்னவனுக்கே உரிய பெயர்.

பவுல் அடிகள் கண்டித்ததும் உழைக்க மனமில்லாதவரையே. உழைக்க இயலாதவரை அன்று. அவர் பிறருக்குச் சொன்னதோடு நில்லாமல், கொரிந்து நகரில் கூடாரம் செய்து பிழைத்தார். அவருக்கு அங்கு இடமளித்த ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும் ரோமாபுரியிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்தவர்கள். அயலூரில் அவர்களுக்கு மதிப்பைத் தேடித் தந்தது கைத்தொழிலே.

நான்காம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத்தில் வாழ்ந்த எவாகிரியுஸ் என்னும் துறவி இன்னொரு சோம்பலை விளக்கினார். நண்பகலில் மனம் சலித்து, இருக்கும் இடத்தையும் செய்யும் தொழிலையும் வெறுத்து, வேறிடம் போனால் எல்லாம் நலமாகும் என்று ஏங்குவதே அது. வெளியூரில் வாழும் நமக்கு இந்நோய் புதிதன்று. அவர் கூறிய மருந்து, இருந்த இடத்திலேயே பொறுமையுடன் நிலைத்து நிற்பது.

உழைப்பின் பயன் யாரைச் சேர்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பழைய திருவிதாங்கூரில் அடிமைகள் பகலெல்லாம் பாடுபட்டும் பலன் பிறர்க்கே போயிற்று. அவர்கள் கை தளர்ந்தால் அதைச் சோம்பல் என்று எவ்வாறு கூறுவது? 1820களில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்பித்தார். அத்தொழிலில் ஈட்டிய கூலியைக் கொண்டு அடிமைப் பெண்கள் சிலர் தம் விடுதலையை விலைக்கு வாங்கினர். திருவிதாங்கூர் அரசு அடிமை முறையை 1855-இல் முற்றாக ஒழிப்பதற்குப் பல ஆண்டுகள் முன்னரே, நூலும் ஊசியும் அவர்களுக்குத் திறவுகோலாயின.

ஆகவே நேயர்களே, ஒருவரைச் சோம்பேறி என்று சொல்லுமுன், அவரை எவரேனும் வேலைக்கு அழைத்தனரா, உழைத்ததற்குரிய கூலி அவர் கையில் சேர்ந்ததா என்று கேட்போம். நம்மைப் பற்றி எண்ணும்போது மட்டும் வினாவை மாற்றிக் கொள்வோம்: நம்மிடம் ஒப்படைத்த தாலந்தை நாம் எங்கே வைத்திருக்கிறோம்?