எந்தப் படியில் அறுந்திருக்கு?

(ஸ்கார்பரோவில் எமது மடிகணினிப் பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்த மேசையில் இருக்கிற மடிகணினிகள் எல்லாம் யாரோ கழிச்சு விட்டவை. 2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுத்தியது. புது விண்டோஸை ஏற்காத எத்தனையோ கணினிகள், ஒரு பழுதும் இல்லாமலே குப்பைக்குப் போகுது. நாங்கள் அதுகளில் டெபியன் அல்லது லினக்ஸ் மின்ட் போட்டு, புதுசா வந்த குடும்பங்களுக்குக் குடுக்கிறம். குடுத்த பிறகு வாற முதல் அழைப்பு அநேகமா ஒன்றுதான்: "பிள்ளை, நெட் வேலை செய்யேல்லை."

இது சின்னக் கரைச்சல் இல்லை. கனடாவில் அகதிக் கோரிக்கை விசாரணைகள் இப்ப பெரும்பாலும் காணொளியில்தான் நடக்குது. ஒரு மனிசர் தன்ர உயிர்ப்பயத்தைச் சொல்லிக்கொண்டிருக்கேக்க படம் உறைஞ்சு நிண்டால் எப்படி இருக்கும் என்று யோசிச்சுப் பாருங்கோ.

அதனால் இண்டைக்கு நான் சொல்ல வந்தது ஒரே விசயம். "நெட் வேலை செய்யேல்லை" என்பது ஒரு பிழையின் பெயர் இல்லை. இணைப்புக்கு ஐந்து படி இருக்கு, அதில் எந்தப் படியிலும் அறுந்திருக்கலாம். கீழ இருந்து ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு போனால் கணினியே பதில் சொல்லும். கேட்காமல் திரும்பத் திரும்ப மூடித் திறக்கிறதும், முழுக்க அழிச்சுப் புதுசாப் போடுறதும் வீண் வேலை.

முதல் படி, கருவி. டெர்மினலைத் திறந்து ‘ஐபி லிங்க்’ என்று தட்டுங்கோ. சில பெயர்கள் வரும். ‘லோ’ என்பது கணினி தனக்குத்தானே கதைக்கிற பாதை, அதை விடுங்கோ. ‘ஈஎன்’ என்று தொடங்கினால் கேபிள். ‘டபிள்யூஎல்’ என்று தொடங்கினால் வைஃபை. ‘டபிள்யூஎல்’ இல்லவே இல்லை என்றால், அநேகமா வைஃபை சிப்புக்கு வேண்டிய ஃபர்ம்வேர் இல்லை. ‘சூடோ டிமெஸ்ஜி’ என்று தட்டினால் கர்னல் தன்ர பதிவேட்டைக் காட்டும். ஃபர்ம்வேரை ஏத்த முடியவில்லை என்று அதில் எழுதியிருக்கும், எந்தக் கோப்பு வேணும் என்றும் இருக்கும்.

நெட் இல்லாமல் அதை எப்படி இறக்கிறது? ஆண்ட்ராய்ட் தொலைபேசியை யூஎஸ்பி வயரில் செருகி, அதில் ‘யூஎஸ்பி டெதரிங்’ போட்டு விடுங்கோ. கணினி அதைக் கேபிள் இணைப்பு மாதிரியே எடுத்துக்கொள்ளும்.

இதில் ஒரு அரசியல் கேள்வியும் இருக்கு. லினக்ஸ் கர்னலின் மூலநிரலை யாரும் வாசிக்கலாம், மாத்தலாம். ஆனால் அநேகமான வைஃபை சிப்புகளுக்குள் ஓடுற ஃபர்ம்வேர் கம்பனியின் பூட்டிய பெட்டி. டெபியன் திட்டம் கனகாலமா அதைத் தன்ர அதிகாரபூர்வ நிறுவியில் சேர்க்கவில்லை. 2022 இல் உறுப்பினர்கள் வாக்கெடுத்தார்கள். 2023 யூனில் வந்த டெபியன் 12 இலிருந்து அது நிறுவியோடயே வருது, ஆனால் சுதந்திரமற்ற ஃபர்ம்வேர் என்று பெயர் போட்ட தனிப் பகுதியில். எனக்கு அந்த முடிவு சரி. தூய்மை பார்த்து வைஃபை இல்லாத கணினியைக் குடுத்தால், அது திரும்பவும் குப்பைக்குத்தான் போகும். பாவியுங்கோ, ஆனால் பூட்டின பெட்டியைப் பூட்டின பெட்டி என்றே சொல்லுங்கோ.

இரண்டாம் படி, தொடுப்பு. கேபிள் என்றால் செருகுற இடத்தில் சின்ன வெளிச்சம் எரியுதா என்று பாருங்கோ. ‘நோ கேரியர்’ என்று வந்தால் மற்றப் பக்கத்தில் இருந்து சமிக்ஞை இல்லை. கேபிளை மாத்துங்கோ, ரவுட்டரில் வேற துளையில் செருகுங்கோ. வைஃபை என்றால் ‘ஆர்எஃப்கில் லிஸ்ட்’. ‘சொஃப்ட் பிளொக்ட்’ என்பதற்கு நேரே ‘யெஸ்’ இருந்தால் ‘ஆர்எஃப்கில் அன்பிளொக் வைஃபை’ என்று தட்டினால் அநேகமாத் திறக்கும். ‘ஹார்ட் பிளொக்ட்’ என்றால் எந்தக் கட்டளையும் உதவாது. பழைய மடிகணினியின் பக்கத்தில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், விரலால் தள்ளுங்கோ.

மூன்றாம் படி, முகவரி. ‘ஐபி அட்ரஸ்’. 192.168 அல்லது 10 என்று தொடங்கினால், அநேகமா ரவுட்டர் முகவரி தந்திருக்கு. 169.254 என்றால் ஒருத்தரும் பதில் சொல்லாததால் கணினி தானே ஒன்றை வைச்சுக்கொண்டிருக்கு. வைஃபையை நிறுத்தித் திரும்பப் போடுங்கோ, கடவுச்சொல்லைச் சரிபாருங்கோ, அதுக்குப் பிறகு ரவுட்டரை மூடித் திறவுங்கோ.

நான்காம் படி, வெளி. ‘ஐபி ரூட்’ என்று தட்டினால் ‘டிஃபோல்ட்’ வரியில் ரவுட்டரின் முகவரி வரும். அதை ‘பிங்’ செய்யுங்கோ. பதில் வந்தால் வீட்டுக்குள் எல்லாம் சரி. அடுத்து ‘பிங் 9.9.9.9’. ரவுட்டர் பதில் சொல்லி, அங்கால பதில் இல்லை என்றால் பிழை ரவுட்டரில் அல்லது வெளியில, உங்கட கணினியில் இல்லை. இணையக் கம்பனிக்கு எடுக்கேக்க இதைத்தான் சொல்ல வேணும். "உங்கட கணினியைப் பாருங்கோ" என்று அவையள் தட்டிக்கழிக்க இடம் இருக்காது.

ஐந்தாம் படி, பெயர். எண்ணுக்குப் பதில் வருது, ஆனால் இணையதளத்தின் பெயருக்கு வரவில்லை என்றால் டிஎன்எஸ் பிழை. இணைப்பு அமைப்பில் டிஎன்எஸ் இடத்தில் 9.9.9.9 போடுங்கோ. அது குவாட்9, சுவிட்சர்லாந்தில் பதிவான இலாபநோக்கற்ற அமைப்பு. யாரிடம் பெயரைக் கேட்கிறமோ, அவருக்கு நாங்கள் எந்தத் தளத்துக்குப் போறம் என்று தெரியும். எங்களைப் போன்ற ஆக்கள் அதையும் யோசிக்க வேணும்.

ஐந்தும் சரி, ஆனாலும் உலாவி "பாதுகாப்பில்லை" என்று கத்துதா? திகதியைப் பாருங்கோ. பழைய கணினிக்குள் இருக்கிற சின்ன பற்றரி செத்தால் திகதி பல வருசம் பின்னுக்குப் போயிடும், தளங்களின் சான்றிதழ்கள் செல்லாது என்று காட்டும். நூலக வைஃபை என்றால், நிபந்தனைகளை ஏற்கிற பக்கம் வரும்வரைக்கும் ஒன்றும் திறக்காது. விபிஎன் போட்டிருந்தால் முதலில் அதை நிறுத்துங்கோ.

விசாரணை நாளுக்கு மட்டும் மூன்று விசயம். முடிந்தால் கேபிள் போடுங்கோ. வைஃபைதான் என்றால் அதன் மின்சேமிப்பை நிறுத்துங்கோ, இடைக்கிடை அறுகிறதுக்கு அதுவும் ஒரு காரணம். தொலைபேசி ஹொட்ஸ்பொட்டை முதல்நாளே இணைச்சுப் பார்த்து வைச்சிருங்கோ.

கடைசியாக ஒன்று. எங்கட அமைப்புகளில் இந்த அறிவு எப்பவும் ஒரே ஒரு ஆளிடம் இருக்கும். அவர் வேலைக்குப் போன நேரம் எல்லாம் நிண்டுபோகும். மற்ற எல்லாரும் "எனக்கு உது விளங்காது" என்று ஒதுங்குவினம், அந்த ஒதுங்குறதில் முதல் ஆள் அநேகமா ஒரு அம்மாவா இருப்பா. நாங்கள் கம்பனியில் தங்கியிருக்கிறதை விட்டுப்போட்டு ஒரு தோழரில் தங்கியிருந்தால், அது விடுதலை இல்லை. ஆகவே எங்கட விதி ஒன்றுதான்: உதவி செய்யப் போறவர் விசைப்பலகையைத் தொடக்கூடாது. வாயால் சொல்லுங்கோ. கணினிக்காரரே தட்டட்டும், எவ்வளவு நேரம் எடுத்தாலும்.

இப்ப ரெண்டு ரெண்டு பேரா இருங்கோ. ஒவ்வொரு கணினியிலும் ஒரு படியை நான் வேணுமென்றே அறுத்து வைச்சிருக்கிறன். திருத்த அவசரப்பட வேண்டாம். எந்தப் படி என்று முதலில் சொல்லுங்கோ.